வசனம் மனப்பாடம், குணம் வரவில்லை – வீட்டில் நடந்து காட்டிப் பழக்குவது எப்படி?

உவர்மலை அம்மா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. பாடசாலைக்குப் போகிறார்கள்; வேதமும் நல்லொழுக்கமும் வீட்டில் நாங்கள்தான் படிப்பிக்கிறோம். இரவு 7.30க்குக் குடும்ப ஜெபம், ஒரு வேதப் பகுதி, வாரத்துக்கு ஒரு மனன வசனம். மகன் பத்துக் கட்டளைகளையும் பிசகாமல் ஒப்புவிப்பான். ஆனால் ஹோம்வேர்க் முடிந்ததா என்று கேட்டால் கொப்பியைத் திறக்காமலே "ஓம்" என்பான். கை தவறிக் கோப்பை உடைந்தால் பழி தங்கச்சி தலையில். மகளும் இப்போது அதே வழியில் போகத் தொடங்கியிருக்கிறாள்.

கேட்ட இடமெல்லாம் "நீங்கள் நடந்து காட்டுங்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள்" என்கிறார்கள். நாங்கள் களவெடுப்பவர்களோ குடிப்பவர்களோ இல்லை. பிறகு எதைத்தான் நடந்து காட்டுவது, எங்கே தொடங்குவது? நல்லது செய்தால் ஸ்டிக்கர் ஒட்டும் அட்டை வைக்கலாமா? என் கணவர் கத்தோலிக்கர், நான் மெதடிஸ்ட்; நற்குணங்களுக்கு இரண்டு பக்கமும் சொல்லும் பெயர்களே வேறு. பிள்ளைகள் குழம்புகிறார்கள். அம்மம்மா "பொய் சொன்னால் இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று வெருட்டுகிறார். விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.


ஞாயிறு பாடசாலை ரீச்சர்:

சகோதரி, பிள்ளை பெரிய பாவங்களைப் பார்த்துப் பழகுவது குறைவு. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதில் விழும் சின்னப் பேச்சில்தான் பழகுகிறது. சீட்டுக் காசு கேட்டு ஆள் படலையில் நிற்கும்போது "அப்பா இல்லையெண்டு சொல்லு". கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வகுப்பாசிரியருக்கு "மகனுக்குக் காய்ச்சல்" என்று கடிதம். நிலாவெளி பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக வயதில் ஒன்றைக் குறைப்பது. இன்னும் குளிக்கவே இல்லை, போனில் "இந்தா வந்துகொண்டிருக்கிறன்". ஊசி போடும் இடத்தில் "நோகாது". அழுகிற பிள்ளையிடம் "அழாமல் இருந்தால் பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன்". பின்னேரம் அந்தப் பேச்சே இல்லை. கடைசி இரண்டும் பிள்ளைக்கே சொல்லும் பொய். அவைதான் ஆழமாகப் போகும்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செல்சி ஹேஸ், லெஸ்லி கார்வர் என்ற இருவர் கலிபோர்னியாவில் 3 முதல் 7 வயது வரையான 186 பிள்ளைகளோடு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "பக்கத்து அறையில் நிறைய இனிப்பு இருக்கிறது" என்று சொல்லிக் கூட்டிவந்து, பிறகு அது சும்மா சொன்னது என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. பின்னர் எல்லோரிடமும் ஒரு விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியே விட்டார்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகளில், ஏமாற்றப்படாதவர்களில் சுமார் 60 வீதமானோர் திரும்பிப் பார்த்தார்கள்; ஏமாற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோர். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 60 வீதம், இரண்டாவதில் 90 வீதத்துக்குக் கிட்ட. அதிலும் சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகள் இப்போதுதான் அந்தப் பாடசாலை வயதுக்குள் வருகிறாள்.

1970இல் வந்த இன்னோர் ஆய்வு உங்கள் மகனின் "வசனம் தெரியும், குணம் இல்லை" என்ற நிலைக்கு நேராகப் பொருந்தும். ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் செய்தது. விளையாட்டில் வென்ற பரிசில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நன்றாகப் பேசிய பெரியவர் தான் கொடுக்காமல் விட்டால், பார்த்த பிள்ளைகளும் கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள், கொடுத்ததுதான் குறைவு. பேச்சிலிருந்து பேச்சை எடுத்துக்கொண்டார்கள், செய்கையிலிருந்து செய்கையை. உபாகமம் 6ஆம் அதிகாரத்திலும் ஒழுங்கு அப்படித்தான் இருக்கிறது. 6ஆம் வசனம் வார்த்தை உன் இருதயத்தில் இருக்கட்டும் என்கிறது. பிள்ளைக்குப் போதிப்பது 7ஆம் வசனத்தில்தான் வருகிறது.

செய்யும் முறை இதுதான். உண்மை பேசுவது என்ற ஒரே குணத்தை எடுத்து ஆறு கிழமை அதிலேயே நில்லுங்கள்.

முதல் கிழமை பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்களும் அவரும் ஆளுக்கொரு சின்னக் கொப்பியில், அன்று வாயில் வந்த உண்மையல்லாத பேச்சை எழுதுங்கள்: யாரிடம், எதற்காக. ஒருவர் மற்றவருடையதை எழுதக் கூடாது, அது சண்டையில் முடியும். ஏழாம் நாள் சேர்ந்து பாருங்கள். பெரும்பாலும் காசுச் சங்கடம், முகத்தாட்சண்யம், பிள்ளையை அடக்குவது என்ற மூன்றுக்குள் அடங்கும். எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் கிழமை மாற்றுச் சொல்லை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பழைய பொய்தான் வாயில் வரும், அதனால்தான் முன்கூட்டி. சீட்டுக்காரர் வந்தால் அப்பாவே படலைக்குப் போய் "வெள்ளிக்கிழமைதான் காசு வரும், அண்டைக்குத் தாறன்" என்று சொல்ல வேண்டும். பிள்ளையை அனுப்பவே கூடாது. பாடசாலைக் கடிதத்தில் "குடும்பத் திருமணத்துக்குச் சென்றதால் வரவில்லை". போனில் "இன்னும் வெளிக்கிடேல்ல, அரை மணித்தியாலம் செல்லும்". ஊசிக்கு "ஒருக்கா நோகும், பத்து எண்ண முன்னம் குறைஞ்சிடும், நான் கையைப் பிடிச்சிருப்பன்". கடற்கரைக்குப் போக முடியாமல் போனால், பிள்ளை கேட்கும் வரை காத்திராமல் நீங்களே போய் "சொன்னனான், இண்டைக்கு ஏலாமல் போச்சு, சனிக்கிழமை போவம்" என்று சொல்லிக் கலண்டரில் அந்த நாளை வட்டமிடுங்கள். சனிக்கிழமை தலை போனாலும் போக வேண்டும்.

மூன்றாம் கிழமையிலிருந்து, மனதுக்குள் நடக்கும் யோசனையை வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மத்திய வீதிச் சந்தையில் 320 ரூபாய்க்கு மீன் வாங்கி 500 கொடுத்தால் மிச்சம் 180. தவறி 280 வந்துவிட்டது. நீங்கள் பேசாமல் 100ஐத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை அதைக் கவனிக்காமலே போகலாம். "180தான் வரவேணும், 280 தந்திட்டார். அவருக்குத் தெரியாது. எண்டாலும் அது அவற்ற காசு" என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லிவிட்டுத் திரும்பி நடவுங்கள். அதோடு நிறுத்துங்கள். இரவு ஜெபத்தில் அதை எடுத்துப் பேசினால் நேர்மை போய்விடும், "அம்மா தன்னைப் புகழுறா" என்பது மட்டும் நிற்கும். மத்தேயு 6:1 எச்சரிப்பது இதைத்தான். பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அளவுக்குக் காட்டலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

நான்காம் கிழமைக்குப் பிறகுதான் பிள்ளைகளின் உண்மை பற்றிய பேச்சு. அதற்கு முன் தொடங்கினால் பிள்ளை உங்களைக் கண்காணிக்கத் தொடங்கும், நீங்கள் பிள்ளையைக் கண்காணிப்பீர்கள், வீடு பொலிஸ் நிலையமாகிவிடும்.

ஹோம்வேர்க்குக்கு ஒரு சின்ன மாற்றம். "முடிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "ஓம்" என்பது மிகச் சுலபமான பதில். "கொப்பியைக் கொண்டு வா, பாப்பம்" என்று கேளுங்கள். பொய்க்கு இடமே இல்லாமல் போகிறது.


ஆரம்பப் பிரிவு ஆசிரியர்:

ஸ்டிக்கர் பற்றி மட்டும் சொல்கிறேன். பல் தீட்டுவது, புத்தகப் பையை இரவே அடுக்குவது போன்ற பழக்கங்களுக்கு மூன்று நான்கு கிழமை வைக்கலாம், பிறகு எடுத்துவிடுங்கள். உண்மை, இரக்கம், பகிர்ந்து கொடுப்பது ஆகியவற்றுக்கு வேண்டவே வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள், படம் வரைய விரும்பும் முன்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு கூட்டத்துக்கு "வரைந்தால் பரிசு" என்று முதலே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: அட்டையில் அண்ணாவுக்கு 12, தங்கச்சிக்கு 7 என்று வந்தால், அன்பு செலுத்துவதும் போட்டியாகிவிடும். செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள், அது போதும்: "தங்கச்சி எழும்பும் வரைக்கும் ரீவியைக் குறைச்சு வச்சிருந்தாய், நான் கண்டனான்."


மறையாசிரியர், பாலையூற்று:

பெயர்க் குழப்பம் உண்மையானதுதான். 1 கொரிந்தியர் 13:13ஐ எடுங்கள். உங்கள் வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அவருடைய திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. "நம்பிக்கை" என்ற அதே சொல் உங்கள் பக்கம் இரண்டாவதைக் குறிக்கிறது, அவர் பக்கம் முதலாவதை. இரண்டு புத்தகங்களையும் மேசையில் விரித்து வைத்து மகனையே இதைக் கண்டுபிடிக்க விடுங்கள். கத்தோலிக்கர் தலையான நற்குணங்களாகச் சொல்லும் மற்ற நான்கு, அதாவது விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகியவை சாலமோனின் ஞானம் 8:7இல் ஒன்றாக வருகின்றன. அந்த நூல் உங்கள் பதிப்பில் இல்லை. ஆனால் நான்கு குணங்களும் நீதிமொழிகள் முழுக்கப் பரந்து கிடக்கின்றன, அதனால் வீட்டில் பிணக்குக்கு இடமில்லை. 6 வயதுக்கும் விளங்கும்படி சொன்னால்: செய்ய முன் யோசிக்கிறது, அவரவருக்கு உரியதைக் குடுக்கிறது, பயமாயிருந்தாலும் சரியானதைச் செய்யிறது, போதும் எண்டு நிப்பாட்டுறது. இந்த நான்கு வரிகளையே வீட்டின் பெயர்களாக வைத்துக்கொள்ளலாம்.

ரீச்சர் சொன்ன ஆறு கிழமைக்குள் நீங்களே பலமுறை தவறுவீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எண் 2223இல், தங்கள் குறைகளைப் பிள்ளைகள் முன் ஒப்புக்கொள்ளத் தெரிந்த பெற்றோரால்தான் அவர்களைச் சிறப்பாக வழிநடத்தவும் திருத்தவும் முடியும் என்று இருக்கிறது. பெற்றோர் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் தலைக்கு மேல் ஏறிவிடும் என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று பிள்ளை வேறு யாரிடம் பார்த்துப் பழகும்?

ஒரு நல்ல மன்னிப்பில் நான்கு பகுதி உண்டு. என்ன செய்தேன் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது, அது உனக்கு என்ன செய்தது, மன்னிப்பாயா என்ற கேள்வி, இனி என்ன மாற்றம். "காலமை சப்பாத்து காணேல்லையெண்டு உன்னை எல்லாருக்கும் முன்னால ஏசினனான். உனக்கு வெக்கமாப் போச்சு. அது பிழை, என்னை மன்னிப்பியா? இனிச் சப்பாத்தை இரவே எடுத்து வைக்க ஞாபகப்படுத்துறன்." இவ்வளவுதான், அரை நிமிடம்.

இது கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. "நீ அப்பிடிச் செய்தபடியாத்தான்" என்று ஒரு சொல் சேர்ந்தால் அது மன்னிப்பாக இருக்காது, குற்றச்சாட்டாகிவிடும். அழுது அரற்றினால் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டிவரும். அந்தப் பாரம் அதற்கு உரியதில்லை. உடனே "பரவாயில்லை" சொல்லும்படி நெருக்கவும் கூடாது, நேரம் எடுக்கட்டும். ஒரே தவறுக்கு ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டு ஒன்றும் மாறாமல் இருந்தால், மன்னிப்பு என்பது வெறும் சொல் என்று பிள்ளை சரியாகவே முடிவெடுக்கும். கணவன் மனைவிக்குள் பிள்ளைகள் காணச் சண்டை நடந்தால், சமாதானமும் பிள்ளைகள் காணவே நடக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் சமாதானமானால் பிள்ளைக்குத் தெரிவது சண்டை மட்டும்தான்.

உங்கள் 7.30 ஜெபத்துக்கும் ஒரு சொல். வேதப் பகுதியைச் சுருக்கி, கடைசி ஐந்து நிமிடத்தை அந்த நாளைத் திரும்பிப் பார்க்க ஒதுக்குங்கள். இன்று எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு எதற்கு உதவி வேண்டும். பெரியவர்கள் முதலில் சொல்ல வேண்டும், மெய்யாகச் சொல்ல வேண்டும். பிள்ளை விரும்பினால் சொல்லட்டும், இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளை சொன்ன தவறுக்குப் பிறகு தண்டனை கொடுத்தீர்களானால் அடுத்த நாளிலிருந்து ஒன்றும் வெளிவராது.

கதை சொல்வதற்கு, ஆதித் திருச்சபையின் பேர்பெற்ற போதகர் புனித யோவான் கிறிசோஸ்தோம் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெற்றோருக்குச் சொன்ன வழியை இன்றும் மிஞ்ச முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காயீன், ஆபேல் கதையைப் பிள்ளைக்கு ஏற்றபடி இனிமையாகச் சொல்லுங்கள். அடுத்த இரவுகளில் திரும்பச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அது முழுதாகப் பதிந்த பின்தான் கருத்தைத் தொடலாம். அதே பகுதி கோவிலில் வாசிக்கப்படும் நாளில் பிள்ளையைக் கூட்டிப் போனால், தனக்குத் தெரிந்த கதை என்று துள்ளும் என்கிறார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் "ஆகவே பிள்ளைகளே" என்று தொடங்குவதுதான் நாங்கள் செய்யும் பிழை.


உவர்மலை அம்மா:

மிக்க நன்றி. கொப்பியை இன்றே தொடங்குகிறோம். ஆனால் நான்கு கிழமை வரை பிள்ளைகளின் பொய்யைக் கண்டும் காணாமல் இருப்பதா? கோப்பையை உடைத்துவிட்டுத் தங்கச்சி என்று சொல்லும் அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? அவர் அடிக்க ஈர்க்கைத் தேடுகிறார்.


பழைய மெதடிஸ்ட்:

கண்டும் காணாமல் இருக்க வேண்டாம் மகள். ஆனால் பொய் பிறக்கும் வாசலை நாங்களே திறந்து வைக்கக் கூடாது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். எப்வர்த் என்ற ஊரில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். 1732இல் மகன் கேட்டதற்காகத் தன் முறையைக் கடிதமாக எழுதினார். அதில் உள்ள வீட்டுச் சட்டங்களில் முதலாவது உங்கள் கேள்விக்கானது: அடிக்குப் பயந்துதான் பிள்ளை பொய்க்குப் போகிறது, ஆகையால் குற்றத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளைக்கு அடி இல்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டிப்பதோ பிறகு குத்திக்காட்டுவதோ கூடாது என்பது இன்னொன்று. பிள்ளை நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அரைகுறையாக வந்தாலும் எண்ணத்தை ஏற்றுக்கொண்டு அன்போடு வழிகாட்ட வேண்டும்; கொடுத்த வாக்கைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும்; ஒரு குண்டூசி என்றாலும் மற்றவரின் பொருளை அவர் விருப்பமில்லாமல் எடுக்கக் கூடாது. கிழமையில் ஒவ்வொரு இரவு ஒவ்வொரு பிள்ளையோடு தனியாக இருந்து பேசினார், ஜோனுக்கு வியாழக்கிழமை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குவது பெரிய காரியமில்லை. ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படப் பழக்கியதையும் அவர் எழுதியிருக்கிறார். அதை நான் பின்பற்றச் சொல்லமாட்டேன்.

பிரம்பு பொய்யை வளர்க்கிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆபிரிக்காவில் அடிக்கும் பாடசாலை ஒன்றையும் அடிக்காத ஒன்றையும் ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். 3, 4 வயதுப் பிள்ளைகள்தான். அடிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் அதிகம் பொய் சொன்னார்கள். அதோடு, சொன்ன பொய்யைப் பிடிபடாமல் கொண்டுபோகவும் தேர்ந்திருந்தார்கள். ஈர்க்கைத் தேடுகிற அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனிக் கோப்பை. உடைத்தது அவன்தான் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் "ஆர் உடைச்சது?" என்று கேட்காதீர்கள். தெரிந்துகொண்டு கேட்பது பிள்ளைக்குப் பொறி வைப்பது. "கோப்பை உடைஞ்சு கிடக்கு. கால் கவனம். தும்புத்தடியைக் கொண்டு வா, சேர்ந்து கூட்டுவம்." கூட்டி முடிந்து, உங்கள் குரலும் இறங்கிய பிறகு, "எப்பிடி நடந்தது?" உண்மை வந்தால் "உண்மையைச் சொன்னது எனக்குச் சந்தோசம்" என்று சொல்லி நிறுத்துங்கள். உடனே "ஆனால்" போட்டு ஏசினால் உண்மைக்குக் கிடைத்த கூலி ஏச்சுதான்.

தங்கச்சி மேல் போட்டான் என்றால் இப்போது இரண்டு தவறு, இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். கோப்பை கை தவறியது, அதற்குத் தண்டனையே இல்லை. பொய்ப் பழி பாரதூரமானது. "கோப்பைக்கு உன்னோட கோபமில்லை. தங்கச்சியில பழி போட்டது அவளுக்குச் செய்த அநியாயம்." அவன் அவளிடம் போய் மறையாசிரியர் சொன்ன நான்கு பகுதியோடும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஈடும் கொடுக்கலாம்: அவளுடைய வேலை ஒன்றை இரண்டு நாளைக்கு அவன் செய்வது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், பொய் சொல்லி எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது அவனாக விரும்பிச் சொன்னது, அதைப் பிள்ளை மேல் சுமத்த வேண்டாம். இரவுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும், எபேசியர் 4:26 சொல்வது போல. அடுத்த நாள் மாமி வரும்போது அந்தக் கதையை எடுக்கக் கூடாது.

அம்மம்மாவைப் பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள். அப்படித் திருத்தினால் "தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு" என்பதை நீங்களே மீறிக் காட்டுகிறீர்கள். தனியாக இருக்கும்போது, "கண்ணைக் குத்துவார் எண்டால் பிள்ளை இயேசுவுக்குப் பயந்து ஒளிக்கும் அம்மா, நீங்கள் ஒரு வேதக் கதை சொல்லுங்கோ, உங்களைப் போல ஆர் சொல்லுறது" என்று கேளுங்கள். கதை சொல்லும் இரவுகளில் இரண்டை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வெருட்டுவதை விட அதுதான் அவருக்கும் விருப்பமாக இருக்கும்.


சாம்பல்தீவு வாசகர்:

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் "நடந்து காட்டினால் போதும்" என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தீர்க்கதரிசி சாமுவேலைப் பாருங்கள். 1 சாமுவேல் 12இல் முழு இஸ்ரவேலும் நின்று, நீர் ஒருவர் கையிலும் ஒன்றும் வாங்கவில்லை என்று சாட்சி சொல்கிறது. 8:3இல் அவருடைய இரண்டு குமாரரும் பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டுகிறார்கள். தகப்பன் அவ்வளவு சுத்தமான மனிதர். என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் 7:16இல் அவர் வருடந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிக்கொண்டிருந்ததும், 8:2இல் பிள்ளைகள் தெற்கே பெயெர்செபாவில் இருந்ததும் தெரிகிறது. பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பிள்ளைக்கு அது மாதிரியாவதில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

ஆகவே பிள்ளையைக் கூடச் சேர்த்துச் செய்யுங்கள். காணிக்கை ஓர் உதாரணம். கோவில் வாசலில் பிள்ளையின் கையில் தாளைத் திணித்தால், அது அப்பாவின் காசைத் தட்டுக்குக் கொண்டுபோகும் வேலை மட்டும்தான். கிழமைக்கு 100 ரூபாய் கைச்செலவு கொடுக்க முடிந்தால் ஐந்து 20 ரூபாயாகக் கொடுங்கள், 100 ரூபாய்த் தாளில் பங்கு பிரிக்க முடியாது. ஒன்று காணிக்கைக்கு, ஒன்று தேவையுள்ள ஒருவருக்கு, மூன்று அவனுக்கு. சம்பளம் வந்த நாளில் நீங்களும் அதே மேசையில் முதலில் காணிக்கை உறையை எடுத்து வைப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மிஞ்சியதிலிருந்து எடுக்கிறீர்களா, முதலிலேயே எடுக்கிறீர்களா என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்கும்.

தாழ்மையும் அப்படித்தான். பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்துவிட்டு வருகிற வீட்டில், மலசலகூடம் கழுவுவது எப்போதும் அம்மாவின் வேலை என்றால் பிள்ளை எதைப் பழகும்? அப்பா கிழமைக்கு ஒரு நாள் கழுவட்டும், மகன் வாளியில் தண்ணீர் கொண்டுவரட்டும். தென்னை ஏற, வளவு துப்புரவாக்க வருபவருக்கு வேறு குவளையில் தேத்தண்ணீர் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில கிறிஸ்தவ வீடுகளில் இருக்கிறது. ஆள் பார்த்துப் பட்சபாதம் காட்டக் கூடாது என்கிற யாக்கோபு 2ஆம் அதிகாரத்தை அந்த வீட்டில் எத்தனை தரம் மனப்பாடம் பண்ணினாலும் அலுமாரியில் தனியாக இருக்கும் அந்தக் குவளைதான் பாடம் நடத்தும். எல்லோரும் குடிக்கும் குவளையில் ஊற்றி, பிள்ளையைக் கொண்டு இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லுங்கள், "ஐயா" என்று அழைக்கப் பழக்குங்கள்.

எங்கள் திருகோணமலையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் ஒரே சந்தையில் நிற்கிறோம். வெளியே மரியாதையாகப் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்து "அவங்கள் எல்லாம் இப்பிடித்தான்" என்று சொல்லும் பேச்சு குசினியிலிருந்து நேராகப் பிள்ளையின் காதுக்குப் போகிறது. குறை சொல்ல வேண்டியிருந்தால் ஆளைச் சொல்லுங்கள், சமூகத்தைச் சொல்லாதீர்கள்: "அந்தக் கடைக்காரர் நிறை குறைச்சிட்டார்." நோன்புக் கஞ்சி வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் ஏதாவது வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். நத்தார் பலகாரம் கொண்டுபோகும் போதும் பிள்ளைதான் கதவைத் தட்ட வேண்டும், பிள்ளைதான் பேச வேண்டும்.


உவர்மலை அம்மா:

சாமுவேலைப் பற்றிச் சொன்னது மனதில் தைத்தது. அவர் வேலைக்காக மாதத்தில் 20 நாள் வெளியூரில். அப்பாவின் பங்கை எப்படி?


சாம்பல்தீவு வாசகர்:

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போன் எடுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். 7.25க்கு எடுத்தால் ஜெபத்திலும் சேர்ந்துகொள்ளலாம். "படிச்சியா, அம்மா சொல்லுக் கேட்டியா?" என்று விசாரிக்க வேண்டாம், அதற்கும் பதில் "ஓம்"தான் வரும். அன்று வேலையிடத்தில் எது சரி என்று யோசிக்க வேண்டிவந்த ஒரு விஷயத்தை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்: கணக்கில் ஒரு பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது, ஒருவரோடு கோபப்பட்டுப் பிறகு போய்க் கதைத்தது. தோற்ற நாளையும் சொல்ல வேண்டும். பிறகு "நீ எண்டால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டு மகன் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருக்க வேண்டும். வீட்டில் நிற்கும் பத்து நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே அரை மணித்தியாலம், போனை மேசையில் வைத்துவிட்டு. எடுக்க முடியாத இரவு வந்தால் 7.25க்கு முன்னமே "இண்டைக்கு ஏலாது" என்று ஒரு குரல் செய்தி அனுப்பட்டும். சும்மா விட்டுவிட்டு மறுநாள் "சிக்னல் இல்லை" என்று சொல்லக் கூடாது.